பிளாக் கரண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

சொல்லாக்கக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

லண்டனில் எங்கள் பக்கத்து அலாட்மெண்ட் தோட்டத்தில் (பாத்தி பாத்தியாக வாடகைக்கு விடுவது) வயதான தமிழர்கள் சிலர் பாத்தி எடுத்திருக்கிறார்கள். பூசணியும் வெந்தயக்கீரையும் போட்டு அலுத்துவிட்டதாம், இந்தக் குளிர்காலத்தில் பிளாக் கரண்ட் (சிறு கறுப்புப் பழம் காய்க்கும் புதர்ச்செடி) வைக்கப் போகிறார்கள். ஒரு பக்கத்தில் தமிழ்க் குறிப்பு எழுதித் தருவதாக வாய் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சு. நாற்று முன்பு நின்ற மண்மட்டத்தைவிட 5 செ.மீ. ஆழமாக நடவேண்டும், அப்போதுதான் தூரிலிருந்து புதுக்கிளை வெடிக்கும் என்பதுவரை எழுதியாயிற்று. செடியின் பெயரில்தான் நிற்கிறேன். ‘கருந்திராட்சை’ போதுமா?

செ.

—

போதாது, செ. கரண்ட் என்பது கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரின் பெயர். அங்கிருந்து வந்த பொடி உலர்திராட்சைக்கு வைத்த பெயரை ஆங்கிலேயர் இந்தப் புதர்ப்பழத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். அவர்கள் பிழையை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? போதாக்குறைக்குத் திராட்சை வடசொல். ‘கருங்களா’ என்று போடுங்கள். புதர், கறுப்பு, புளிப்பு மூன்றும் பொருந்துகின்றன. புறநானூறு 177இல் களாவும் துடரியும் தின்றவர்களை மறந்துவிட்டோமா?

இரா.

—

இரா. ஐயா, அந்தப் பாட்டிலேயே களா சலித்துத்தானே மணல்மேட்டில் ஏறி நாவலுக்குப் போகிறார்கள்!

களாவுக்கு முள் உண்டு, ஒடித்தால் பால் வடியும். இதற்கு இரண்டும் இல்லை. தாவரவியலில் இது ரைபீஸ் பேரினம். அது ரீபாஸ் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது, அங்கே அது புளிப்பான வேறொரு செடி, ஆக எல்லா மொழியிலும் ஆள்மாறாட்டம்தான். ஐரோப்பிய கூஸ்பெரி இதே பேரினம். நாம் கூஸ்பெரியை நெல்லி என்கிறோம் என்பதால் ‘கருநெல்லி’ என்று ஆசை வந்தது. ஆனால் சித்தர் பாடல்களில் அது காயகற்பம். கிழவர்கள் சாகாவரம் கிடைக்கும் என்று நம்பி நட்டுவிட்டால் யார் பொறுப்பு?

மு., கோவை

—

ஒரு யாழ்ப்பாணத்துக் குரல். எங்களுக்குத் திராட்சை முந்திரிகை. உலர்ந்ததைப் பிளம்ஸ் என்போம் (சிரிக்காதீர்கள்). ‘கருமுந்திரிகை’ என்றால் எங்கள் ஆச்சி கொடியைத் தேடுவா, உங்கள் பாட்டி கஜுவை (முந்திரிப்பருப்பை)த் தேடுவார். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கோ பிளாக் கரண்ட் என்றாலே ஐஸ்கிறீம். பேசாமல் பிளாக் கரண்ட் என்றே எழுதுங்கள். நாற்றுக்கடையில் போய்க் கருங்களா கேட்டால் கிடைக்குமா?

த.

—

கடையில் கிடைப்பதற்காகவா சொல் ஆக்குகிறோம்? அப்படியானால் இந்தக் குழுவே தேவையில்லை.

இரா.

—

ஐயா, சண்டை அப்புறம். இன்று புதன். கவாத்துப் பகுதியைப் பாருங்கள்: “போன ஆண்டு ஓடிய கிளையில்தான் காய் அதிகம். ஆகவே நான்காம் ஆண்டிலிருந்து குளிர்காலத்தில், முதிர்ந்து கறுத்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு வெட்டவும்.” இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. பழங்கள் தொங்கும் காம்புக்குச் ‘சரம்’ என்று வைத்தேன். பென் லோமண்ட் போன்ற ரகங்களில் சரம் முழுவதும் ஒன்றாகப் பழுக்கும், அப்படியே வெட்டி எடுக்கலாம்.

செ.

—

‘சரம்’ அருமை! அதிலிருந்தே ‘கருஞ்சரப்பழம்’ வந்துவிடுகிறதே? அப்புறம், அந்தப் ‘பென்’ ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் மலை. நம் ‘வெற்பு’ நினைவுக்கு வரவில்லையா?

வே.

—

வரவில்லை.

மு.

—

முடிவாக: தலைப்பில் பிளாக் கரண்ட், கீழே சிறிய எழுத்தில் கருஞ்சரப்பழம். நால்வர் சரி என்றீர்கள், அதில் இருவர் “எதையாவது போடு” என்றுதான் எழுதினீர்கள். மொட்டைப் பட்டாணிபோல் வீங்க வைத்து, செடியை மலடாக்கும் நச்சுயிரியையும் பரப்புகிறதே ஒரு சிற்றுயிர், அதற்கு ‘வீங்குமொட்டுப் பேன்’. இதை யாரும் தொடவேண்டாம்.

செ.

—

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்: கருங்களாவே சரி. மேலும் பேனுக்கு ஆறு கால். நீங்கள் சொல்வது சிலந்தி வகை என்பதால்…

இரா.