ப்ரியான்: பெயர் முந்தியதா, ஆதாரம் முந்தியதா?

ஈரோட்டுக்காரன்:
அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி புரூசினர் 1982 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையை இப்போதுதான் படித்தேன். ஆடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பி என்ற மூளை நோயைப் பரப்புவது ஒரு புரதத் துகள் என்கிறார். அதற்கு 'ப்ரியான்' என்று பெயரும் வைத்துவிடுகிறார். அந்தப் புரதத்தின் மரபணு எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் சூட்டி ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்த கதைதான். யோசனையாவது சொந்தமா? லண்டனில் டிக்வா ஆல்பர் என்ற ஆய்வாளர், வைரஸ் உட்பட எல்லாக் கிருமிகளும் பெருகத் தேவையான நியூக்ளிக் அமிலத்தை (டி.என்.ஏ, ஆர்.என்.ஏ) சிதைக்கும் புற ஊதாக் கதிருக்கு இந்தக் கிருமி மசியவில்லை என்று 1967லேயே காட்டிவிட்டார். அதே ஆண்டு கிரிஃபித் என்ற கணித அறிஞர், புரதம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள முடியும் என்று எழுதினார். ஆனால் 1997 மருத்துவ நோபல் புரூசினருக்கு மட்டும், தனியாக!

மைக்ரோடோம்:
கட்டுரையைத்தான் படித்தீர்களா அண்ணா, இல்லை தலைப்பையா? நியூக்ளிக் அமிலமே கிடையாது என்று அவர் அதில் அடித்துச் சொல்லவில்லை. அதைச் சிதைக்கும் பெரும்பாலான முறைகளுக்கு அசையாத புரதத் துகள் என்பதுதான் அவர் தந்த விளக்கம். உள்ளே சிறியதாக ஒன்று ஒளிந்திருக்கலாம் என்ற வாய்ப்பையும் திறந்தே வைத்தார்.

அப்புறம், அந்த உழைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு மாதிரியில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று அளக்க 60 எலிகளை ஒரு வருடம் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் குழு எலி போன்ற ஹாம்ஸ்டர் என்ற சிறு பிராணிக்கு மாறி, நோய் தெரிய எத்தனை நாளாகிறது என்பதை வைத்தே கணக்கிட்டது. நாலு ஹாம்ஸ்டர், 60 நாள், முடிந்தது. அது இல்லாமல் புரதத்தைப் பிரித்தெடுத்திருக்கவே முடியாது.

வெண்பலகை:
ஸ்கிரேப்பிக்குக் காரணம் வைரஸ்தான் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள், யேல் பல்கலைக்கழகத்தின் லாரா மானுவெலிடிஸ் போல. சூரிக்கில் சார்லஸ் வைஸ்மன் குழு 1993இல், உடலிலேயே இயல்பாக இருக்கும் அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய எலிகளுக்கு ஸ்கிரேப்பியை ஏற்றிப் பார்த்தது. நோய் வரவில்லை. வழக்கு முடிந்தது என்றார்கள். சரி, அந்தப் புரதம் வைரஸ் நுழையும் வாசலாக இருந்தால்? வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, திருடனே கிடையாது என்று சொல்வீர்களா? இன்னொன்று. ஒரே இன எலி, ஒரே புரதம், ஆனால் ஸ்கிரேப்பியில் பல ரகம். ஒவ்வொன்றும் வேறு வேறு நாள் கணக்கில் கொல்கிறது. அந்த வித்தியாசம் எதில் எழுதியிருக்கிறது?

மைக்ரோடோம்:
மடிப்பில். அதே புரதம்தான், மடிந்திருக்கும் விதம் வேறு. ரகத்துக்கு ரகம் இழைகளின் வடிவம் மாறுவதைக் மாதிரியை உறையவைத்துப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்துவிட்டார்கள். வாசல் வாதத்துக்குப் பதில் 2010இல் வந்தது. நோயுற்ற விலங்கிலிருந்து எடுக்காமல், பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தையே ஓஹாயோவில் ஜியான் மா குழு நோய் பரப்பும் மடிப்புக்கு, அதாவது ப்ரியானாக, மாற்றியது. அதை ஏற்றிய சாதாரண எலிகளுக்கு நோய் வந்தது.

வெண்பலகை:
அந்தக் கலவையில் கொழுப்பும் ஆர்.என்.ஏவும் சேர்த்தார்களே, அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

மைக்ரோடோம்:
நோயில்லாத எலியின் ஈரலிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ அது. இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விதான். 2012இல் டார்ட்மத்தில் சுரச்சாய் சுபத்தபோன் குழு ஆர்.என்.ஏ இல்லாமல், ஒரே ஒரு கொழுப்பை மட்டும் துணைக்கு வைத்துச் செய்து காட்டிவிட்டது.

சுடுதண்ணி:
உங்கள் சண்டையில் எனக்குக் கட்சி கிடையாது. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் இருக்கிறேன். சி.ஜே.டி. (மனிதருக்கு வரும் ப்ரியான் நோய்) சந்தேகம் என்று சீட்டு ஒட்டி ஒரு தட்டு வந்தால், அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் வழக்கமான ஆட்டோகிளேவ் போதாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறைகளில் ஒன்று, சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அலசி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் இன்னொரு மணி நேரம். எஃகு தாங்கும். அலுமினியத்தைத் தெரியாமல் போட்டால் நுரைத்துக்கொண்டு அரித்துவிடும். கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் கிடக்கும் மூளைத் துண்டிலும் தொற்றும் தன்மை போவதில்லை. இவ்வளவு அடம்பிடிக்கிற வைரஸை நான் பார்த்ததில்லை.

ஈரோட்டுக்காரன்:
புரதம்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்டது பெருமை யாருக்கு என்று.

மைக்ரோடோம்:
இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது அண்ணா. 1997இல் ஆல்பரும் இல்லை, கிரிஃபித்தும் இல்லை.

ஈரோட்டுக்காரன்:
வைஸ்மன் இருந்தாரே.