மலம் போகாத பிள்ளையும் வெற்றிலைக் காம்பும்

சேலத்துக்காரி:
என் மகன் பிறந்து இரண்டு நாள் ஆகியும் காட்டுப்பீ (பிறந்ததும் போகிற முதல் கருமலம்) போகவில்லை. மூன்றாம் நாள் வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. அம்மா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைத்தார். காற்றும் மலமுமாகப் பீய்ச்சியடித்து வயிறு வற்றியது. அப்பாடா என்றிருந்தோம். அப்புறம் மூன்று வாரம் இதே கதை. காம்பு வைத்தால் போகும், வைக்காவிட்டால் உப்பும். முதலில் பார்த்த டாக்டரும் பால் செரிக்கவில்லை என்று சொட்டு மருந்துதான் எழுதினார்.

பச்சையாக வாந்தி எடுத்த அன்று குழந்தைகளுக்கான அறுவை மருத்துவரிடம் ஓடினோம். மலக்குடலில் துளி சதை எடுத்து பயாப்சி பார்த்தார்கள். ஹிர்ஷ்ப்ருங் நோய். சுமார் 5000 பிள்ளைகளில் ஒன்றுக்கு வருமாம், ஆண் பிள்ளைகளுக்கே அதிகமாம்.

அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். கருவின் முதுகுப் பக்கம், பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து நியூரல் கிரெஸ்ட் செல்கள் கிளம்புகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் நான்காவது வாரத்தில் குடலுக்குள் நுழைந்து, ஏழாவது வாரத்துக்குள் கடைசி வரை போய்ச் சேர வேண்டும். போகிற வழியெல்லாம் குடலை இயக்கும் நரம்பு முடிச்சுகளாக மாறும். என் மகனுக்குக் கடைசிச் சில அங்குலத்துக்கு அவை வந்து சேரவே இல்லை. அந்த இடம் தளரத் தெரியாமல் இறுகியே கிடந்தது. காம்பு வைத்த நேரம் மட்டும் வழி விட்டது. நாங்கள் அதைக் குணம் என்று நினைத்துக்கொண்டோம்.

செல் இல்லாத பகுதியை வெட்டிவிட்டு நல்ல குடலை இழுத்துத் தைத்தார்கள். கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் என்று மாமியார் இன்னும் சொல்கிறார். அந்தச் செல்கள் நடந்த நாட்களில் நான் கர்ப்பம் என்றே எனக்குத் தெரியாது, அத்தை!

ஓய்வு பெற்ற நர்ஸ்:
எங்கள் வார்டுக்கு ஒரு பெண் குழந்தை வந்தது. நெற்றியில் வெள்ளை முடிக் கற்றை, வெளிர் நீலக் கண். அதிர்ஷ்டக்காரி என்று சொந்தக்காரர்கள் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். வயிறோ உப்பியிருந்தது, அதே ஹிர்ஷ்ப்ருங். முடிக்கும் கண்ணுக்கும் நிறமி தரும் செல்களும் இதே நியூரல் கிரெஸ்டிலிருந்து வருபவைதான். பம்பாய் மருத்துவர் ஷா 1981-ல் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதியதால் இரண்டும் சேர்ந்து வரும் இந்த நோய்க்கு வார்டன்பர்க்-ஷா என்று பெயர். காது உள்ளேயும் அந்தச் செல்கள் தேவை என்பதால் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொன்னார் பெரிய டாக்டர். இரண்டு காதும் கேட்கவில்லை.

மூவரின் அப்பா:
எங்கள் பிள்ளைக்கும் இதே ஹிர்ஷ்ப்ருங் ஆபரேஷன் முடிந்தது, இனி கவலையில்லை என்றிருந்தோம். எட்டாம் மாதம் காய்ச்சல், உப்பிய வயிறு, நாற்றத்தோடு தண்ணீராக மலம். சாதாரண வயிற்றுப்போக்கு என்று ஒரு ராத்திரி வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். ஆனால் அது இந்த நோயோடு வரும் குடல் அழற்சி. ஐந்து நாள் ஐசியு.