டூயல் பூட்டில் ப்ளூடூத் மவுஸ்: ஒரு பக்கம் இணைத்தால் மறுபக்கம் அறுந்துபோகிறது

கேள்வி:
ஒரே லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் உள்ளன. ப்ளூடூத் மவுஸை விண்டோஸில் பேரிங் செய்தால் (முதன்முறை இணைத்துப் பதிந்தால்) அங்கே ஓடுகிறது. உபுண்டுவில் பட்டியலில் பெயர் தெரிகிறது, இணைவதில்லை. நீக்கிவிட்டுப் புதிதாகப் பேரிங் செய்தால் இணைகிறது. பிறகு விண்டோஸில் அதே கதைதான். டாங்கிள் (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு ரிசீவர்) மவுஸ் ஒன்றும் இருக்கிறது. அது இரண்டிலும் இணைகிறது, ஆனால் பாயின்ட்டர் விட்டுவிட்டு நகர்கிறது. மவுஸ்கள் பழுதா?

பதில் 1:
ப்ளூடூத் மவுஸில் பழுதில்லை. பேரிங்கின்போது உருவாகும் ரகசியச் சாவியை மவுஸ், கணினியின் ப்ளூடூத் முகவரியோடு சேர்த்துப் பதிந்துகொள்ளும். அந்த முகவரி சிப்புக்கு உரியது, ஓஎஸ் மாறினாலும் மாறாது. உபுண்டுவில் பேரிங் செய்ததும் "அதே கணினிதானே" என்று பழைய சாவியை அழித்துப் புதியதை எழுதிவிடும். விண்டோஸ் கையில் இருப்பது செல்லாத சாவி.

இரண்டு பக்கமும் ஒரே சாவி இருந்தால் தீர்ந்தது. முதலில் உபுண்டுவில் பேரிங், அடுத்து விண்டோஸில். வரிசை முக்கியம். பிறகு விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் (அது தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், பிடிஎச்போர்ட், பாராமீட்டர்ஸ், கீஸ் என்று போய்ச் சாவியை எடுத்து, உபுண்டுவில் வார், லிப், ப்ளூடூத் கோப்புறைக்குள் அந்த மவுஸின் 'இன்ஃபோ' கோப்பில் போடுங்கள். ப்ளூடூத் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து மவுஸை ஆன் செய்தால் போதும். பேரிங் பொத்தானைத் தொடாதீர்கள், தொட்டால் எல்லாம் முதலிலிருந்து.

பதில் 2:
மேலே சொன்னது பழைய கிளாசிக் ப்ளூடூத் மவுஸுக்குச் சரி. இப்போது வருபவை பெரும்பாலும் லோ எனர்ஜி வகை. அதில் எல்டிகே (LTK, சாவி), இடிவ் (EDIV), இரேண்ட் (ERand, சாவியோடு வரும் இரண்டு எண்கள்) என மூன்றையும் விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாற்ற வேண்டும். எல்டிகே அப்படியே போகும். இடிவ், இரேண்ட் இரண்டையும் தசம எண்ணாக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று: சில மவுஸ்கள் ஒவ்வொரு பேரிங்குக்கும் முகவரியின் கடைசி இலக்கங்களை மாற்றிக்கொள்ளும். அப்போது உபுண்டுவில் உள்ள கோப்புறையின் பெயரையும் விண்டோஸ் காட்டும் முகவரிக்கு மாற்றுங்கள்.

அடியில் 1, 2, 3 என்று சேனல் பொத்தான் இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். சேனல் 1 விண்டோஸுக்கு, 2 உபுண்டுவுக்கு என்று முதலில் முயன்று பாருங்கள்.

பதில் 3:
டாங்கிள் சங்கதி வேறு. யூஎஸ்பி 3 போர்ட்டும் அதன் கேபிளும் கிளப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. டாங்கிளும் அங்கேதான் பேசுகிறது. பக்கத்துப் போர்ட்டில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி ஓடும்போது திக்கினால் காரணம் இதுதான். டாங்கிளை யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மவுஸுக்கு அருகில் கொண்டுவாருங்கள்.

சில விநாடி சும்மா விட்டபின் முதல் அசைவு மட்டும் தாமதமானால் அது மின்சேமிப்பு. உபுண்டுவில் பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவியின் ஆட்டோ டியூனை ஓட்டினால் மவுஸுக்கும் சஸ்பெண்ட் போட்டுவிடும். பவர்டாப்பின் டியூனபிள்ஸ் பக்கத்தில் மவுஸ் வரியை மட்டும் 'பேட்' (Bad), அதாவது மின்சேமிப்பு இல்லை, என்று ஆக்குங்கள். பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம், அதுதான் நமக்கு வேண்டியது.

கேட்டவர்:
டாங்கிள் யூஎஸ்பி 2-இல் சரியாகிவிட்டது. ஆனால் ரெஜிஸ்ட்ரியில் கீஸ் வெறுமையாக இருக்கிறதே?

பதில் 1:
அட்மினுக்கே அது தெரியாது, சிஸ்டம் கணக்குக்கு மட்டும்தான். உபுண்டுவிலிருந்தே விண்டோஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் கோப்புறையில் உள்ள 'சிஸ்டம்' கோப்பை (ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதி இதில்தான் இருக்கிறது) சிஎச்என்டிபிடபிள்யூ (chntpw) கருவியால் திறங்கள். அங்கே கரன்ட்கன்ட்ரோல்செட் இருக்காது, கன்ட்ரோல்செட்001 என்று தேடுங்கள். இரேண்டின் 8 பைட்டுகளும் அதில் தலைகீழாகத் தெரியும். திருப்பி வைத்துவிட்டுத் தசமமாக்குங்கள்.