அம்மாவின் உலோக வால்வில் ரத்தக்கட்டி: மருந்தா, மறு ஆபரேஷனா?

அம்மாவுக்கு 52 வயது. ருமாட்டிக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போய் 2014இல் உலோக வால்வு வைத்தது, உள்ளே ஒரு வட்டு சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும் வகை. ராத்திரி வீடு அடங்கினால் அவர் நெஞ்சிலிருந்து 'டிக் டிக்' என்று கேட்கும், எங்களுக்குப் பழகிப்போன சத்தம்.

போன மாதம் பல் பிடுங்குவதற்காக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், திரும்ப எப்போது தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லை. செவ்வாய் இரவு திடீரென மூச்சுத் திணறல், படுக்கவே முடியாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தார், அந்த டிக் சத்தமும் மங்கிவிட்டது. பக்கத்து கிளினிக்கில் வீசிங் என்று நெபுலைசர் வைத்தார்கள், பலனில்லை. அப்புறம் மதுரையில் எக்கோவும் ஃபுளோரோஸ்கோப்பியும் (ஓடும் எக்ஸ்ரே படம்) எடுத்தால், ரத்தக்கட்டி அடைத்து வட்டு அசையவே இல்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.3 (இவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்கணும்).

இப்போது ஐ.சி.யூ.வில் ஆக்சிஜன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், நீர் பிரிய ஊசி. கட்டியைக் கரைக்கும் மருந்தை மெதுவாக ஏற்றலாம், ஆனால் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம், மறு ஆபரேஷன் என்றால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். 'வீட்ல பேசிட்டு சொல்லுங்க' என்றால் வீட்டில் யாருக்கு என்ன தெரியும்!

உங்கள் வீட்டில் யாருக்காவது உலோக மைட்ரல் வால்வு இப்படி அடைத்திருந்தால், கரைக்கும் மருந்திலேயே சரியானதா, கடைசியில் ஆபரேஷன்தான் செய்ய வேண்டி வந்ததா?