உதவி: கோல்ஃப் பந்து வலப்பக்கமே வளையுது – இடது முழங்கை நீளாததுதான் காரணமா?

சேர்மாதேவியான்:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். பெங்களூர்ல வேலை, அங்கதான் கோல்ஃப் பழகினேன். இப்ப வீட்டுலருந்தே வேலைங்கிறதால, பிசானம் அறுத்த எங்க வயல்ல ஏழாம் நம்பர் அயர்ன்ங்கிற கோல்ஃப் கட்டையை வச்சு அடிச்சுப் பாக்கேன். ‘என்னல, பாம்பு அடிக்கியா’ன்னு கேக்காவ. அது போகட்டும். பத்துப் பந்துல எட்டு வலப்பக்கம் வளைஞ்சு கன்னடியன் கால்வாய்க்குள்ள விழுது.

நான் வலதுகைக்காரன். பதினோரு வயசுல புளியமரத்துலருந்து விழுந்து இடது முழங்கை ஒடிஞ்சுது. மூங்கில் பத்தை வச்சுக் கட்டினாவ. கூடிட்டு, ஆனா முழுசா நீளாது. கோச் ‘இடது கையை நேரா வை, மணிக்கட்டை உருட்டு’ன்னே சொன்னாரு. ரெண்டும் வரலை. ஒரு வாரமா இடது உள்ளங்கையில, சுண்டுவிரலுக்கு நேர்கீழ, மணிக்கட்டுப் பக்கத்துல வலி வேற.

கம்புக்காரன்:
நல்லெண்ணெயைச் சூடுபண்ணி நீவிவிடுங்க தம்பி, நீண்டுரும். சிலம்பத்துக்கு வர்ற பயலுவளுக்கு அதான் செய்யுதோம்.

பாளை பிசியோ:
அண்ணாச்சி, அது தசைப்பிடிப்புக்குச் சரி. சின்ன வயசுல கோணிக் கூடின எலும்பு எண்ணெய்க்கு நீளாது. இழுத்து நிமித்தவும் கூடாது.

‘மணிக்கட்டை உருட்டு’ங்கிறதே தப்பான பேச்சு. மணிக்கட்டு மேல, கீழ, பக்கவாட்டுல அசையும். கை புரளுறது முன்கையில: அங்க உள்ள ரெண்டு எலும்புல, ரேடியஸ் எலும்பு அல்னா மேல புரளும். அந்தப் புரட்டலோட மேல்முனை இருக்கிறது முழங்கையிலதான். அதனால அங்க ஒடிஞ்சவங்களுக்கு மடக்கலும் போகலாம், புரட்டலும் போகலாம். ரெண்டும் வேற வேற. இப்படிப் பாருங்க: முழங்கை ரெண்டையும் விலாவோட ஒட்டி மடக்கி, கைக்கொரு பேனாவை நட்டமாப் பிடிச்சு உள்ளங்கையை மேல பாத்துத் திருப்புங்க. வலது பேனா அநேகமாப் படுத்திரும். இடது எங்க நிக்குது? முழங்கை விலாவை விட்டு வரப்பிடாது, வந்தா தோள் ஏமாத்தும். பந்தைத் தொடும்போது உங்க இடது முன்கை இந்தப் பக்கந்தான் புரளணும். புரளலைன்னா கட்டையோட முகம் (பந்துல படுற பக்கம்) திறந்தே, அதாவது வலப்பக்கம் பாத்தே நிக்கும், பந்து வலப்பக்கம் வளையும்.

எனக்குக் கவலை அந்த வலிதான். காய்ஞ்ச வயல் கட்டாந்தரை. கட்டை மண்ணுல மோதும்போது பிடியோட நுனி அங்கதான் இடிக்கும். உள்ள ஹேமேட்ங்கிற மணிக்கட்டு எலும்புல கொக்கி மாதிரி ஒரு துருத்தல் உண்டு, கோல்ஃப் ஆடுறவங்களுக்கு ஒடியுற இடம். சாதா எக்ஸ்ரேல பல நேரம் தப்பிச்சிரும், சி.டி. எடுக்கணும். விட்டுட்டா சுண்டுவிரலை மடக்குற நரம்பு தேய்ஞ்சு அறுந்தும் போகலாம் (ஊர்ல நரம்புங்கிறோம், அசல்ல தசைநாண்). பாக்கிற வரைக்கும் அடிக்காதீங்க.

வெலிங்டன் பட்டாளம்:
தம்பி, நேர்க்கை ஒண்ணும் சட்டமில்ல. அமெரிக்காவுல கால்வின் பீட்னு ஒருத்தர், உங்களை மாதிரியே சின்னதுல மரத்துலருந்து விழுந்து இடது முழங்கை நீளாமப் போனவரு. பி.ஜி.ஏ. டூர்ங்கிற அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடர்ல 12 போட்டி ஜெயிச்சாரு. 1981லருந்து பத்து வருசம் தொடர்ச்சியா, முதல் அடியை நேரா அடிக்கிறதுல அவருதான் முதலிடம். 1954ல யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் ஜெயிச்ச எட் ஃபர்கோலுக்கு இடது கை மடங்கி, குட்டையாவே இருந்துது. மடங்கின கை கடைசி வரை அதே அளவு மடங்கி இருந்தாப் போதும். பாதி வழியில நீட்டப் பாக்காதீங்க, அங்கதான் மண்ணுல மோதுது.

புரட்டல் வரலைன்னா பிடியை மாத்துங்க. இடது கையை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடிச்சா, குனிஞ்சு பாத்தா அந்தக் கையோட புறத்துல மூணு விரல் கணு (முட்டி) தெரியணும். பிடியோட நுனி உள்ளங்கைக்குள்ள முடியாம வெளிய நீட்டி நிக்கட்டும்.

சேர்மாதேவியான்:
பேனா பாதியிலயே நின்னுட்டு. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னாவ. நான் கேட்டு சி.டி. எடுத்தேன், கொக்கியில கீறல். ஆறு வாரம் கட்டு.

ஒரு உண்மையைச் சொல்லிருதேன், ஏசாதீங்க. ஸ்கேனுக்கு முந்தின நாள் மூணு கணு தெரியப் பிடிச்சு மூணே மூணு பந்து அடிச்சேன். ரெண்டு நேராப் போச்சு. மூணாவது இடப்பக்கம் சித்தப்பா வாழைக்குள்ள.

பாளை பிசியோ:
அந்தக் கட்டையைச் சித்தப்பாகிட்டயே குடுத்து வைங்க.