மறு: ‘கௌரவ விரிவுரையாளர்’ என்பதற்கு மாற்றுச் சொல் – கலைக்கல்லூரிப் பணிவிதிகளுக்காக

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நிரந்தரமில்லாமல் அமர்த்தப்படும் கல்லூரி ஆசிரியரைக் குறிக்கும் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்ற தொடருக்கு மாற்றாக எந்தச் சொல்லை வைக்கலாம் என்ற என் கேள்விக்கு வந்த மறுமொழிகள் அனைத்தையும் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். புதிதாக இணைந்தவர்களுக்காக ஒரு வரி: உதவிபெறும் கலைக்கல்லூரி ஒன்று தன் ஆசிரியர் பணிவிதிகளைத் திருத்தி வருகிறது, அதன் தமிழ் வடிவத்தை எழுதும் சிறு குழுவில் நானும் ஒருவன். பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு முதலிய சொற்கள் அலுவலக வழக்கில் நிலைபெற்றவை என்பதால் அவற்றில் சிக்கல் எழவில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்தவரின் தகுதியைப் பார்க்கும் தொடக்கக் காலமான ‘தகுதிகாண் பருவம்’ என்பதற்குப் பதிலாக ‘நன்னடத்தைக் காலம்’ என்று ஒருவர் எழுதிவந்தார். அது நீதிமன்றத்திலிருந்து தண்டனைக்கு மாற்றாக வெளியே அனுப்பப்படுபவருக்குரிய சொல் என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். நாங்கள் தேங்கி நின்றது ‘கௌரவ விரிவுரையாளர்’ என்ற தொடரில்தான்.

கௌரவச் செயலாளர், இதழ்களின் கௌரவ ஆசிரியர், பழைய நாளின் கௌரவ மாஜிஸ்திரேட் ஆகியோர் ஊதியம் பெறாமல் பதவியின் மதிப்புக்காகப் பணியாற்றியவர்கள். தமிழில் ‘கௌரவ’ என்ற முன்னொட்டு தரும் பொருள் அதுதான். கல்லூரியில் அந்தப் பெயரைச் சுமப்பவரோ ஊதியத்தை நம்பியே வாழ்பவர். ஆங்கில ஆணைகள் அவரை ‘கெஸ்ட்’ என்கின்றன. தமிழில் விருந்தினர் எப்படிக் கௌரவமானார் என்பதற்கு, மதிப்பூதியத்தைக் குறிக்கும் ‘ஆனரேரியம்’ வழியாக வந்திருக்கலாம் என்று முன்மடலில் ஒருவர் சொன்ன ஊகம் பொருத்தமாகவே படுகிறது. ‘விருந்தினர் விரிவுரையாளர்’ என்று நேராகவே எழுதிவிடலாம் என்ற முன்மொழிவை மட்டும் ஏற்க இயலவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் அறிந்த ஒருவர் ஒரே துறையில் பன்னிரண்டு ஆண்டுகள் ‘விருந்தினராக’ இருந்தார். துறைச் சுவரில் தொங்கிய கால அட்டவணையில் மற்றவர்களுக்கு முதலெழுத்துகள் இருந்தன. அவருக்கு இருந்தது ‘க.வி. 2’. அவருடைய ஊதியம் சம்பளப் பட்டியலில் வராமல், வருவாய் முத்திரை ஒட்டிய வவுச்சராக வந்தது.

இது வெறும் சொல்லழகுச் சிக்கல் என்று எண்ணுவோருக்குப் பணிக்கொடை வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ‘ஊழியர்’ என்பதற்குத் தந்த வரையறையில் திறன்மிகு வேலை, உடலுழைப்பு, மேற்பார்வை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை என்றெல்லாம் பட்டியல் இருந்தது, கற்பித்தல் இல்லை. அந்தப் பட்டியலுக்குள் ஆசிரியர் அடங்கமாட்டார் என்று உச்சநீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. 2009இல் நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தி, அத்திருத்தத்தை 3.4.1997 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அது செல்லும் என்று 2022இல்தான் உச்சநீதிமன்றத்தில் முடிவானது. ஒரு வரையறையில் சில சொற்கள் விடுபட்டதற்கு ஆசிரியர்கள் கொடுத்த விலை அவ்வளவு.

இனி நம் சொல்லுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் ஒப்பந்த ஆசிரியரைத் தனியாகக் காட்டுகின்றன: மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, முறையான ஆசிரியருக்குரிய தகுதியும் தேர்வு முறையும் வேண்டும், முறையாக அமர்த்தப்பட்ட உதவிப் பேராசிரியரின் மொத்த மாத ஊதியத்துக்குக் குறையாமல் தர வேண்டும். அதே குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறை, பாடவேளைக் கணக்கில் ஊதியம் பெறுபவரைப் பற்றியது: ஒரு விரிவுரைக்கு ரூ. 1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ. 50,000, விடுப்பு, ஓய்வூதியம், பணிக்கொடை முதலியன இல்லை. ஆக இவை இரு வேறு நிலைகள். எங்களுக்கு வந்த பழைய விதிகளில் இரண்டுக்கும் ‘கௌரவ’ என்ற ஒரே போர்வை போர்த்தப்பட்டிருந்ததால், முதல் வகையினருக்கு இரண்டாம் வகையின் ஊதியம் தர வழி திறந்தே இருந்தது. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திருத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வந்த முன்மொழிவுகளில் ‘வருகைதரு’ என்பது வேறொரு நிறுவனத்தில் பணியிலிருந்துகொண்டு இங்கே சில காலம் வந்துபோகும் பேராசிரியருக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ‘பருவ விரிவுரையாளர்’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. செமஸ்டரைப் பருவம் என்றுதானே எழுதுகிறோம். ஆனால் அடுத்த பத்தியிலேயே தகுதிகாண் பருவம் வந்து மோதுகிறது. அறுவடைக்கு மட்டும் கூப்பிடும் ஆள் என்ற சாயலும் ஒட்டிக்கொள்கிறது. ‘பாடவேளை விரிவுரையாளர்’ ஊதியக் கணக்கை நேர்மையாகச் சொல்கிறது என்றாலும், அவர் திருத்தும் விடைத்தாளும் நிற்கும் தேர்வறை மேற்பார்வையும் அந்தப் பெயரில் மறைந்துபோகின்றன.

நான் முன்வைப்பது ‘காலவரை விரிவுரையாளர்’. காலவரை குறிக்கப்பட்டு அமர்த்தப்பட்டவர் என்பதே பொருள். மாணவர் போராட்டம் என்றால் கல்லூரி வாயிலில் ‘காலவரையற்ற விடுமுறை’ என்று அறிவிப்பு ஒட்டுவது நமக்குப் பழகிய காட்சி. அதிலுள்ள எதிர்மறையைக் கழற்றினால் கிடைக்கும் சொல் இது என்பதால் விளக்கவுரை தேவைப்படாது. விதிகளின் வாக்கியங்களில் பொருத்தியும் பார்த்தேன்: காலவரைப் பணி, காலவரைப் பணியமர்த்தம், காலவரை நீட்டிப்பு, காலவரை முடிவதற்கு முன் பணிநீக்கம். கடைசித் தொடரை ‘கௌரவ’ என்று வைத்து எழுதிப் பாருங்கள், இயலாது. இந்தச் சொல்லை எழுதியவுடனே எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற கேள்வி எழுவதால், நியமன ஆணையில் தேதியை விட்டுவைக்கவும் முடியாது.

அரசாணைகளிலும் நாளிதழ்களிலும் அந்த ஆசிரியர்களின் சங்கப் பெயர்களிலும் பழைய தொடரே இருக்கிறதே, அனுபவச் சான்றிதழில் புதுச் சொல்லைக் கண்டால் தேர்வுக் குழு ஏற்குமா என்று கேட்டவரின் அச்சம் நியாயமானது. எனவே வரையறைப் பிரிவில் இப்படி எழுதியுள்ளோம்: ‘காலவரை விரிவுரையாளர் என்பவர், குறிப்பிட்ட தொடக்க நாளும் முடிவு நாளும் உடைய ஆணையின்கீழ், பாடவேளைக் கணக்கில் ஊதியம் பெற்றுக் கற்பிப்பவர், அரசாணைகளில் கௌரவ விரிவுரையாளர் எனக் குறிக்கப்படுபவரையும் இது உள்ளடக்கும்.’ சான்றிதழில் இரு பெயர்களும் இடம்பெறும். ஒப்பந்த வகையினரைத் தனிப் பிரிவில் ‘ஒப்பந்த உதவிப் பேராசிரியர்’ என்றே எழுதிவிட்டோம்.

எனக்கே நிறைவு தராத ஓர் இடம் இருக்கிறது. மானியக் குழுவின் 2010 விதிகளோடு முறையான ஆசிரியருக்கு ‘விரிவுரையாளர்’ என்ற பதவிப்பெயர் போய்விட்டது. கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற மூன்றே இன்று உள்ளன. பழைய பெயரை இன்னும் சுமப்பவர் பெரும்பாலும் இந்தக் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்தான், அதுவும் அதே கல்வித்தகுதியோடு. அப்படியானால் ‘காலவரை உதவிப் பேராசிரியர்’ என்றே ஏன் எழுதக்கூடாது? நிர்வாகம் ஒப்பாது என்கிறார்கள் குழுவில் இருவர். ஆட்சிக்குழுவுக்கு வரைவு போகும் முன், சொல்லின் பக்கமிருந்து இதற்கு ஏதேனும் தடை உண்டா என்று நண்பர்கள் சொன்னால் நன்றியுடன் ஏற்பேன்.