வைத்தியர் அல்லாதவருக்குத் தொற்றுநோயியலில் இடம் உண்டா?

உப்புவெளியாள்:

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதத்துடன் புள்ளிவிபரவியலும் படித்துப் பட்டம் பெற்ற நான், இப்போது திருகோணமலையில் வீட்டிலிருந்தபடி உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பித்து வருகிறேன். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவிலும் நகரப் பகுதியிலும் டெங்கு பரவியபோது என் தம்பியும் ஆஸ்பத்திரியில் இருந்தான். கட்டிலருகே தொங்கிய தாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதப்பட்ட எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் இருக்க அடுத்த தெருவில் ஏன் அப்படி இல்லை என்ற கேள்வி எழுந்தது. அது இன்றுவரை என்னை விடவில்லை.

இப்படியான கேள்விகளுக்கு விடை தேடும் தொற்றுநோயியல் ஆராய்ச்சியையே தொழிலாக்கிக்கொள்ள விரும்புகிறேன். "டொக்டருக்கும் படிக்கவில்லை, பிறகு ஏன் நோயைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்" என்கிறார் அம்மா. இத்துறையில் வைத்தியர் அல்லாத ஒருவருக்கு உண்மையில் இடம் உண்டா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பழைய பரிசோதகர்:

மகள், இம்மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் வேறு பேர் இருப்பார்கள் என்பதால், நீங்கள் கணக்குப் பார்க்கப்போகும் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டெங்கு என்று சந்தேகம் வந்தவுடனேயே, இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் எச் 544 படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாளுடன் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411இல் எழுதுகிறார். வாரம் முடிந்ததும் எல்லாம் சேர்ந்து எச் 399 ஆகக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது.

ஒருமுறை படிவத்திலிருந்த விலாசத்துக்குப் போனேன். கிணற்றுக்கு வலை கட்டியிருந்தது, பீப்பாய்க்கு மூடி இருந்தது, முற்றத்தில் ஒரு சிரட்டைகூடக் கிடையாது. நோயாளிப் பிள்ளையின் பெத்தம்மாவிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான், பிள்ளை அங்கே வசிப்பதே இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்பதால் அந்த விலாசத்தைக் கொடுத்தார்கள் என்பது தெரிந்தது. பிள்ளை இருந்த இடம் சில மைல்களுக்கு அப்பால் கடற்கரையிலுள்ள ஒரு மீன்வாடி. அங்கே போய், மீன் கழுவத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீலப் பீப்பாய்க்குள் டோர்ச் அடித்தேன். நுளம்புக் குடம்பிகள் வெளிச்சத்துக்கு விலகி நெளிந்துகொண்டு அடிக்கு இறங்கின.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதிக தூரம் பறக்காதது. ஆகவே நோயாளி எங்கே உறங்கினார் என்பதைவிடப் பகலில் எங்கே இருந்தார் என்பதே முக்கியம். அன்று நான் பெத்தம்மாவிடம் பேசாமல் கையொப்பமிட்டுத் திரும்பியிருந்தால், உங்களைப் போன்ற ஒருவர் வரைபடத்தில் பிழையான தெருவில் ஒரு புள்ளி வைத்திருப்பார், அந்தத் தெருவுக்குத்தான் புகையடிக்கும் வண்டியும் போயிருக்கும்.

சமுதாய வைத்தியர்:

உள்ளதை உள்ளபடி சொல்வது நல்லது. சுகாதார அமைச்சில் விசேட வைத்திய நிபுணராகத் தொற்றுநோயியலாளர் பதவிக்கு வருபவர்கள், வைத்தியப் பட்டத்துக்குப் பிறகு கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவத்தில் முதுமாணியும் அதன்பின் எம்.டி.யும் முடித்தவர்கள். அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. அதைத் தட்டிக்கொண்டு நின்று ஆண்டுகளை வீணாக்க வேண்டாம்.

ஆனால் ஆராய்ச்சி என்பது அந்த ஒரு பதவி அல்ல. இலங்கையில் 1963ஆம் ஆண்டு மலேரியா நோயாளர் பதினேழு பேராகக் குறைந்தார்கள். வெற்றி கிடைத்ததென்று கண்காணிப்புத் தளர்ந்தது, அந்தத் தசாப்தம் முடியுமுன் நோய் பெருவெள்ளமாகத் திரும்பியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012இல் பதிவாகி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியிலேயே மன்னாரில், கிணறுகளில் பெருகக்கூடிய, நாட்டுக்குப் புதிய மலேரியா நுளம்பு வகை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளரே இல்லாத நாட்டில் எத்தனை கிணறுகளை, எந்த ஊர்களில், எத்தனை நாளுக்கொருமுறை பார்ப்பது என்ற கேள்விக்கு விடை சொல்ல வைத்தியர் மட்டும் போதாது. பூச்சியியல் படித்தவரும், மாதிரியெடுப்பு தெரிந்தவரும் அருகில் இருக்க வேண்டும். இவர்களில் இரண்டாமவர் நீங்கள்.

படிப்பு என்று பார்த்தால், தொற்றுநோயியலிலோ மருத்துவப் புள்ளிவிபரவியலிலோ முதுமாணி செய்யுங்கள். இலண்டனில் பொதுச் சுகாதாரத்துக்கென்றே உள்ள கல்விக்கூடத்தில் இரண்டும் உண்டு. பணம் பெரிய தடை என்பதால், பொதுநலவாயப் புலமைப்பரிசிலின் நிபந்தனைகளை ஆண்டுதோறும் பாருங்கள்.

தரவுக்காரன்:

நானும் வைத்தியன் அல்லன். கொழும்பில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் தரவுப் பகுப்பாய்வாளராக இருக்கிறேன். ஒப்பந்த வேலைதான். நிதி முடிந்தால் வேலையும் முடியும். முன்பு இருந்த ஓரிடத்தில் மூன்று ஆண்டு உழைத்த கட்டுரையில் என் பெயர் நன்றியுரையோடு நின்றது. சேரும் முன்பே கட்டுரை ஆசிரியர்களின் பெயர் வரிசையை எழுத்தில் கேளுங்கள்; கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணித்தான் நான் ஏமாந்தேன்.

தொடங்குவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கை இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. இலவசப் புள்ளிவிபர மென்பொருளான 'ஆர்' (R) ஐப் பழகிக்கொண்டு, திருகோணமலையின் டெங்கு எண்களை வாரவாரியாக வரைந்து பாருங்கள். மூன்று இடங்களில் கால் தடுக்கும்.

நாட்டில் மாவட்டங்கள் 25, அறிக்கையிலோ வரிசைகள் 26. அம்பாறை மாவட்டத்திலுள்ள கல்முனை தனிச் சுகாதாரப் பிராந்தியம் என்பதால், அம்பாறை வரிசையின் நோயாளரை முழு அம்பாறை மாவட்டச் சனத்தொகையால் வகுத்தால் விகிதம் பொய்யாகிவிடும். அடுத்து, நம் பக்கத்துக்குச் சனத்தொகை எண் கிடைப்பதே பெரும்பாடு. 1981க்குப் பிறகு வடக்குக் கிழக்கு முழுவதையும் எண்ணிய கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. இடையில் போரும் ஆழிப்பேரலையும் எத்தனை ஊர்களைக் கிளப்பின என்பது உங்களுக்கே தெரியும். மூன்றாவதாக, அங்கே இருப்பது அறிவிக்கப்பட்ட வாரமே தவிர காய்ச்சல் தொடங்கிய வாரம் அல்ல. சித்திரை வருடப்பிறப்பு வாரத்தில் கோடு கீழிறங்கினால் நுளம்பு லீவு எடுத்தது என்று எழுதிவிடாதீர்கள்.

உப்புவெளியாள்:

அனைவருக்கும் நன்றி. வரைபடத்தை இன்றிரவே தொடங்குகிறேன். பரிசோதகர் ஐயா, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலுள்ள தொற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைக்குமா?

பழைய பரிசோதகர்:

அதில் நோயாளரின் பெயரும் விலாசமும் இருப்பதால் கிடைக்காது மகள், கிடைக்கவும் கூடாது. ஒரு பல்கலைக்கழக மேற்பார்வையாளரைப் பிடித்து, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியுடன் வந்தால், பெயர் நீக்கிய தரவைக் கேட்கலாம். அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை நுளம்புப் பரிசோதனைக்கு வீடுவீடாகப் போகும் நாட்களில் தொண்டராகச் சேர முடியுமா என்று அதிகாரியிடம் ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் டோர்ச் கொண்டு போங்கள். தொலைபேசி வெளிச்சம் கிணற்றுக்குக் காணாது.